வாலி புவோனோ

கனடிய ஃபுட்பால் பயிற்சியாளரும் அணி நிர்வாகியுமான வாலி புவோனோ 1950ஆம் ஆண்டு இத்தாலியின் தென்பகுதியிலுள்ள பொட்டென்ஸாவில் பிறந்தார். பால்யத்திலேயே கனடாவுக்கு வந்து மாண்ட்ரியாலில் வளர்ந்து, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1972 முதல் பத்துப் பருவங்கள் மாண்ட்ரியால் அலுவெட்ஸ் அணியில் தற்காப்பு ஆட்டக்காரராக விளங்கினார். 1974லும் 1977லும் அவ்வணி கனடிய ஃபுட்பால் லீகின் வெற்றிக் கோப்பையான கிரே கோப்பையை வென்றது.

ஈண்டு ஃபுட்பால் எனப்படுவது நாம் அறிந்த கால்பந்தன்று. பக்கத்துக்குப் பன்னிருவர் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் முன்னேறுவது. பத்து கஜம் கடக்க அமெரிக்க ஆட்டத்தில் நான்கு வாய்ப்புகள் உண்டு, கனடாவிலோ மூன்றே.

1990இல் கால்கரி ஸ்டாம்ப்பீடர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகி, பின்னர் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார். எவரை என்ன ஊதியத்துக்கு அமர்த்துவது என்னும் வியாபார விவேகமும், அமர்த்தியவரை ஆடவைக்கும் ஆசிரிய குணமும் ஒருவரிடத்தே கூடுவது அபூர்வம். புவோனோவிடம் அவை கூடியிருந்தன. டக் ஃப்ளூட்டி, ஜெஃப் கார்சியா போன்ற பிரசித்தி பெற்ற குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துவோர், அவரிடம் ஆடினர். 1992, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் கோப்பை கால்கரிக்கு வந்தது. அவற்றுள் கடைசி, எட்டே வெற்றிகளும் பத்துத் தோல்விகளுமாகப் பருவத்தை முடித்த அணி பெற்றது என்பது விசேஷம்.

2003இல் வான்கூவரின் பி.சி. லயன்ஸ் அணிக்குச் சென்று, 2006இல் மீண்டும் கோப்பையை வென்றார். எனினும் அவருடைய திறமைக்குச் சிறந்த சாட்சி 2011ஆம் ஆண்டே. முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்று, ஊராரின் பரிகாசத்துக்கு ஆளாகி நின்ற அணியைப் படிப்படியாக நிமிர்த்தி, சொந்த மைதானத்திலேயே வின்னிபெக் அணியை 34-23 என்ற கணக்கில் வீழ்த்திக் கோப்பையைப் பெற்று, அந்த வெற்றியோடு பயிற்சியாளர் பதவியிலிருந்து விலகி நிர்வாகத்தோடு நின்றார். 2014இல் கனடிய ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

இவ்விதம் சிகரத்தில் நின்று இறங்கியவர் 2016இல் மறுபடியும் பயிற்சியாளரானார். அது அவசியமாயிருந்ததா என்பது விவாதத்துக்குரியது. பருவ ஆட்டங்களில் அவர் ஈட்டிய 282 வெற்றிகள் கனடிய ஃபுட்பால் லீகின் உச்ச எண்ணிக்கை. அதற்கு முன் உச்சத்தை வைத்திருந்த பயிற்சியாளர் டான் மாத்யூஸின் 231 வெற்றிகளை 2009லேயே கடந்துவிட்டார். 2018 நவம்பரில் ஹாமில்டனில் நடந்த அவருடைய கடைசி ஆட்டத்தில் லயன்ஸ் 48-8 என்று தோற்றது.