ஒரே கட்டளை, இரண்டு காரணங்கள்

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன: யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஒருமுறை, உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் இன்னொருமுறை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இந்த நூல்களை விடுதலைப் பயணம், இணைச் சட்டம் என்கிறது. ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாடம் செய்தது முதலாவதை. இரண்டாவதும் அதேதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நிதானமாக அருகருகே வைத்துப் படித்தபோதுதான் அப்படியில்லை என்று புரிந்தது.

சின்ன வேறுபாடுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோரை மதிப்பவருக்கு நீண்ட ஆயுளோடு நல்வாழ்வையும் சேர்த்துச் சொல்கிறது உபாகமம். இச்சிக்கக் கூடாதவற்றில் யாத்திராகமம் பிறர் வீட்டை முதலில் வைக்கிறது; உபாகமம் பிறர் மனைவியை முதலில் வைக்கிறது. கத்தோலிக்கர் மனைவியை ஒன்பதாவதிலும் உடைமையைப் பத்தாவதிலும் பிரித்து எண்ணுவது உபாகமத்தின் வரிசைப்படி. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபையார் இரண்டையும் பத்தாவதாக ஒன்றுசேர்த்து எண்ணுகிறார்கள். எண்ணில் சண்டையிட ஒன்றுமில்லை.

ஓய்வுநாள் கட்டளையில்தான் விஷயம் இருக்கிறது. வேலைக்காரருக்கும் அந்நியருக்கும் ஓய்வு என்பது இரண்டிலும் உண்டு. மாறுவது காரணம். ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு என்கிறது யாத்திராகமம். உபாகமம் படைப்பைப் பற்றிப் பேசவே இல்லை. உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்தானே என்கிறது. எபிரேய மூலத்தில் இந்தக் கட்டளை யாத்திராகமத்தில் ‘நினை’ என்று தொடங்குகிறது. உபாகமத்தில் ‘கைக்கொள்’ என்று. வெள்ளி மாலை யூதர் வீடுகளில் ஏற்றும் இரு விளக்குகளுக்கு இந்த இரு சொற்களையும் காரணமாகச் சொல்வதுண்டு. உபாகமம் ‘நினை’ என்ற சொல்லை விட்டுவிடவில்லை. அதை நாளிலிருந்து எடுத்து, அடிமைப்பட்ட காலத்தின் மேல் வைத்துவிட்டது.

சிங்கப்பூரின் பூன் லே வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது மனம் உறுத்துகிறது. ஞாயிறு காலை பேருந்து முனையத்தில் துவாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்தவர்கள் இறங்குவார்கள். பாதுகாப்புக் காலணியைக்கூட மாற்றாமல், கண் சிவக்க, பூன் லே அவென்யூவின் புனித பிரான்சிஸ் ஆலயத்துக்கு நடந்து போகிறவரைப் பார்த்திருக்கிறேன். அதே நேரம் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் ஆலயத்துக்குப் புறப்பட்டு நிற்கும். பிள்ளையின் பையும் தண்ணீர்ப் போத்தலும் பணிப்பெண்ணின் தோளில் இருக்கும். குடும்பத்துக்கு அது ஓய்வுநாள். அவருக்கு அது வேலைநாள், இடம் மட்டும் ஆலயம்.

சிங்கப்பூரில் இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு ஓய்வுநாள் என்ற விதி 2013 ஜனவரி 1இல்தான் வந்தது. அப்போதும் அவர் சம்மதித்தால் ஓய்வுக்குப் பதில் பணம் கொடுத்துவிடலாம். மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டக் கூடாது என்பது 2023 ஜனவரி 1 முதல் நடைமுறை. மனிதவள அமைச்சு படிப்படியாக நெருங்கிவரும் இடத்தில் உபாகமம் எப்போதோ போய் நின்றுவிட்டது. ஓய்வைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள அதில் வழியே இல்லை.

எகிப்து நமக்குத் தூரமில்லை. இந்த வட்டாரம் சியூ பூன் லே என்ற தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஜூரோங்கில் ரப்பர் நட்டவர்களில் அவரும் ஒருவர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த கூலிகளின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். ‘நீயும் அடிமையாக இருந்தாய்’ என்ற சொல் நமக்கு வரலாற்றுப் பாடம் இல்லை, வீட்டுக் கதை. அதனால்தான், இரண்டில் எது நம் வாழ்க்கைக்கு நெருக்கம் என்று கேட்டால் நான் உபாகமத்தையே சொல்வேன். யாத்திராகமம் என்னைக் கடவுளை நோக்கித் திருப்புகிறது. அதைக் குறைவாக எண்ணவில்லை. ஆனால் என் சமையலறையில் நிற்பவரை நோக்கித் திருப்புவது உபாகமம்தான்.

இன்னொன்று. ஓய்வெடுக்க வேண்டியவர்களின் இரண்டு பட்டியலிலும் மகன், மகள், வேலைக்காரர், கால்நடை, அந்நியர் எல்லாரும் உண்டு. மனைவி தனியாக இல்லை. ‘நீ’ என்பதிலேயே அவள் அடக்கம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அப்படியானால் ஆராதனை முடிந்து வந்ததும் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கும் அம்மாவும் அந்த ‘நீ’யில் சேர்த்தி.

அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குக் கிளம்புமுன் உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் அவருக்கு எந்த நாள் வேண்டும் என்று கேளுங்கள். அவர் இந்தோனேசிய முஸ்லிமாக இருக்கலாம், மியன்மார் பௌத்தராக இருக்கலாம்; அந்நியரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அவர் சொல்லும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அன்று பிள்ளையின் பையை நீங்களே சுமந்துகொள்ளுங்கள்.