சுண்ணாம்பும் வெடியுப்பும்: ஆக்சிஜனேற்றியை அமைப்பால் அறியும் முறையின் வரலாறு

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கார்பனேட் அயனியையும், பாறைக்கு வெடி வைக்க உதவும் அம்மோனியம் நைட்ரேட்டின் நைட்ரேட் அயனியையும் தாளில் வரைந்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் ஓர் அணு, சுற்றி மூன்று ஆக்சிஜன், தட்டையான முக்கோணம். எலெக்ட்ரான்களும் இரண்டிலும் 32. படிகத்திலும் இந்த உறவு தொடர்கிறது: சோடியம் நைட்ரேட்டின் படிக அடுக்கு கால்சைட்டினுடையது, வெடியுப்பாகிய பொட்டாசியம் நைட்ரேட்டினுடையது அரகோனைட்டை ஒத்தது. ஆனால் சுண்ணாம்புத் தூளில் கரியைக் கலந்து நெருப்பு வைத்தால் ஒன்றும் ஆகாது. வெடியுப்பில் கலந்து வைத்தால் சீறிக்கொண்டு எரியும்.

அப்படியானால், அமைப்பைப் பார்த்தே ஒரு பொருளை ஆக்சிஜனேற்றி, அதாவது பிறவற்றை எரியவைப்பது, என்று சொல்லிவிட முடியுமா? இதற்கு விடை தேடிய வரலாறு பெரும்பாலும் விபத்துகளின் வரலாறு. 1788இல் பிரான்சின் எசோன் ஆலையில், வெடிமருந்தில் வெடியுப்புக்குப் பதிலாக வேதியியலாளர் பெர்தோலே கண்ட பொட்டாசியம் குளோரேட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். கலவை வெடித்து இருவர் இறந்தனர். ஆக்சிஜனுக்குப் பெயரிட்ட லவாசியேயும் அன்று அங்கே வந்திருந்தார். எத்தனை ஆக்சிஜன் என்பதோடு, அது எதனோடு, எவ்வளவு தளர்வாகப் பிணைந்திருக்கிறது என்பதும் முக்கியம் என்பதற்கு இது தொடக்கச் சான்று. பட்டாசு மருந்தில் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்ப்பதை இந்தியா தடை செய்தது 1992இல்தான். இரு நூற்றாண்டுத் தாமதம்.

1921இல் ஜெர்மனியின் ஒப்பாவில், இறுகிப்போன அம்மோனியம் சல்பேட்-நைட்ரேட் உரக் குவியலை வழக்கம்போல் சிறு வெடி வைத்து உடைத்தபோது குவியலின் ஒரு பகுதியே வெடித்தது. 500 பேருக்கு மேல் மாண்டனர். பலமுறை ஒன்றும் நேராததைப் பாதுகாப்பு என்று எண்ணிவிட்டார்கள்.

விடையைக் கணக்கில் தேடும் முயற்சியாக, 1949இல் லோத்ரோப், ஹாண்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் ஆக்சிஜன் சமநிலை என்ற கணக்கை வெடிபொருள்களின் ஆற்றலோடு இணைத்தனர். எல்லாம் எரிந்து முடிந்தபின் மூலக்கூறில் ஆக்சிஜன் மிஞ்சுமா, போதாதா என்பதே கணக்கு. அம்மோனியம் நைட்ரேட்டுக்கு +20 விழுக்காடு. நல்ல கணக்குதான், ஆனால் தண்ணீருக்கும் அது பூஜ்யம் காட்டும், சிறந்த வெடிபொருள்போல! பிணைப்பைப் பாராமல் தலையெண்ணிக்கை மட்டும் பார்ப்பதன் விளைவு இது.

இந்தக் குறையை நீக்குவது, வேதிப்பொருள்களுக்காக 2003இல் ஐ.நா. வெளியிட்ட உலகப் பொது வகைப்பாட்டு முறையில் உள்ள விதி. கரிமச் சேர்மத்தில் ஆக்சிஜன், ஃபுளோரின், குளோரின் ஆகியவை இல்லாவிட்டாலோ, இருந்தும் கார்பனோடும் ஹைட்ரஜனோடும் மட்டுமே பிணைந்திருந்தாலோ, அது ஆக்சிஜனேற்றி அல்ல, சோதனை தேவையில்லை. சர்க்கரையில் 11 ஆக்சிஜன் இருந்தும் அது எரிபொருளாக மட்டுமே இருப்பது இதனால்தான். கனிமச் சேர்மத்துக்கு விலக்கு இன்னும் குறுகியது: ஆக்சிஜனோ ஹாலஜனோ அறவே இருக்கக் கூடாது. எழுத்துக்கு எழுத்து படித்தால் அரியலூர்ச் சுண்ணாம்புக்கே இந்த விலக்கு கிடைக்காது! அதைக் காப்பது அனுபவ அறிவும் ஆற்றல் கணக்கும்தான். நைட்ரேட்டின் நைட்ரஜன் ஆக்சிஜனைக் கைவிட்டு நைட்ரஜன் வாயுவாக மாறினால் அதற்கு லாபம். கார்பனேட்டின் கார்பனுக்கு அப்படி ஒரு போக்கிடம் இல்லை.

ஆகவே விதி சொல்வது “இது ஆக்சிஜனேற்றி அல்ல” அல்லது “சோதித்துப் பார்” என்பதை மட்டுமே. ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்ல, திண்மப் பொருளைச் செல்லுலோஸ் தூளோடு கலந்து சூடான கம்பியால் பற்றவைத்து, எரியும் வேகத்தைப் பொட்டாசியம் புரோமேட் போன்ற ஒப்பீட்டுப் பொருளின் கலவையோடு ஒப்பிட வேண்டும்.

இதுவும் தனிப் பொருளுக்கு உரிய விடைதான். 2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூர்ப் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் பலியானார்கள். பட்டாசு மருந்தில் ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் துகளோடு துகளாகச் சேர்ந்தே இருக்கின்றன. அங்கே ஒற்றை மூலக்கூறின் படம் அதிகம் உதவாது. இந்தியச் சட்டமும் கலவையைத்தான் பார்க்கிறது: எடையில் 45 விழுக்காட்டுக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் உள்ள கலவைகள் 2011இல் வெடிபொருளாக அறிவிக்கப்பட்டன, 2012இல் தனி விதிகள் வந்தன. சென்னை மணலியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டை அப்புறப்படுத்த, அதே உப்பு பெய்ரூட்டில் வெடித்த 2020 ஆகஸ்ட் விபத்து நேர வேண்டியிருந்தது.

ஐ.நா.வின் சரக்குப் பட்டியலில் எரியக்கூடிய பொருள் 0.2 விழுக்காடு வரை உள்ள அம்மோனியம் நைட்ரேட் ஆக்சிஜனேற்றி. அதைத் தாண்டினால் வெடிபொருள். மூலக்கூறு மாறுவதில்லை. குவாரிகளில் பயன்படும் கலவையில் 94 பங்குக்கு 6 பங்கு டீசல் சேர்கிறது.