உடுவில் விடுதியும் முன்னேஸ்வரக் கரையும்

ஈழத்தின் மேற்குக் கரையோரத்திலே, சிலாபம் நகருக்கு அணித்தாய் அமைந்துள்ளது முன்னேஸ்வரம் என்னும் சிவத்தலம். 1578இல் போர்த்துக்கேயர் இடித்த இத்திருக்கோயிலைக் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் பதினெட்டாம் நூற்றாண்டிலே மீளக் கட்டுவித்தான். இடிந்த கோயிலை அரசன் ஒருவன் எழுப்பிவிடலாம். ஒரு கரையிலே தளர்ந்த மொழியை எழுப்புவார் யார்? இவ்வினாவுக்கு விடை பாடசாலைகளின் வரலாற்றிலே இருக்கின்றது. அதனை அறிய யாழ்ப்பாணத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிமார், 1823இல் வட்டுக்கோட்டையில் ஆடவர்க்கெனச் செமினரி ஒன்றை நிறுவினர். அடுத்த ஆண்டிலே உடுவிலிற் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலை தோன்றிற்று. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதனைத் தொடக்கினார். ஆசியாவிலே பெண்களுக்கென அமைந்த மிகப் பழைய விடுதிப் பாடசாலைகளுள் இதுவும் ஒன்று.

பெண்மக்களுக்கு ஏட்டுக் கல்வி வேண்டாவென்று பலர் எண்ணிய காலம் அது. பகலிற் பயின்று மாலையில் வீடு திரும்பும் சிறுமியை வீட்டு வேலையும் இளமை மணமும் விரைவில் மறித்துவிடும். ஆதலின் உணவும் உடையும் உறையுளும் மிஷனே கொடுத்தது. கற்று முடிக்கும் மாணவிக்குச் சீதனமும் அளித்தது. எழுத்தும் வாசிப்பும் கணக்கும் தையலும் அங்கே கற்பிக்கப்பட்டன. வேதாகமப் பாடமும் உடன்சென்றது. 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்து, தாய்க்கும் மகளுக்கும் பேர்த்திக்கும் ஆசிரியையாயினார்.

விடுதி கல்வியைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், வீட்டினின்று பிரிந்த பிள்ளை வீட்டின் சமயத்தினின்றும் பிரிந்தது. இதனைக் கண்டு வருந்தியவருள் தலையாயவர் ஆறுமுக நாவலர். அவர் வெறுமனே கண்டித்து அமையாமல், 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடநூல்களையும் தாமே எழுதி அச்சிட்டார். எதிராளியின் முறையைக் கற்று, அதனைத் தம்மவர்க்கு உரியதாக்கிய அறிவுடைமை அது.

அவ்வழியிலே வந்ததே 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் அமைத்த பெண்கள் கல்லூரி. சைவப் பெண்கள் தம் ஒழுக்கம் கெடாது தங்கிப் பயில அங்கே விடுதி அமைந்தது. அதன் முதல் அதிபராய் அமைந்தவர் இங்கிலாந்து நாடக மேடையிலே புகழ்பெற்ற புளோரன்ஸ் பார் அம்மையார். அவர் 1917இற் கொழும்பிலே காலமானார்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. உடுவில் மகளிர் கல்லூரி தனியார் பாடசாலையாகவே நின்றது.

இனி முன்னேஸ்வரக் கரைக்குத் திரும்புவோம். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை வாழ்ந்த கத்தோலிக்க மக்களிற் பலர் முன்னர் தமிழே பேசினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அவர்தம் பாடசாலைகள் பலவற்றிற் சிங்களம் போதனாமொழியாயிற்று. பிள்ளைகள் பாடசாலை மொழியை வீட்டுக்குக் கொணர்ந்தனர்; பேரப்பிள்ளைகளோ வேறு மொழி அறியாராயினர். சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பிலே, திரௌபதையம்மன் கோயிலும் தமிழ்ப் பாடசாலையும் ஒன்றுக்கொன்று துணைநிற்க, தமிழ் இன்றும் வாழ்கின்றது.

சிங்களம் கற்றல் குற்றமன்று. அயலார் மொழி அறிதல் நன்மையே. கற்ற மொழி, பெற்ற மொழியின் இடத்தைப் பற்றிக்கொள்வதே இழப்பு. கட்டடமும் விடுதியும் நூலகமும் பாடசாலைக்கு வேண்டியனவே. அவற்றினும் முன்னதாகப் பெற்றோர் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: அங்கே பயிலும் பிள்ளை, தன் பாட்டியோடு எம்மொழியிற் பேசும்?