நயினாதீவுத் தொன்மங்களில் பிணக்கும் தீர்வும்

ஒரே பொருளை இருவர் நாடுவதாலோ, ஒருவரின் தேவை மற்றவரின் தேவைக்குக் குறுக்கே நிற்பதாலோ எழும் மோதலைக் கதையியலில் முரண் என்பர். கதையை நகர்த்துவதும், கதைமாந்தரின் உறவுகளைச் சோதிப்பதும் அதுவே. யாழ்ப்பாணத்தை அடுத்த புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறிச் சென்றடையும் நயினாதீவைச் சூழ்ந்துள்ள தொன்மங்கள் இத்தகைய முரண்களைச் சொல்வதோடு நில்லாமல், அவை தீர்ந்த வகையையே தமது உயிர்நாடியாகக் கொண்டுள்ளன.

அவற்றுள் பழையது மணியாசனக் கதை. புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில், பௌத்த மரபு நயினாதீவாகக் கருதும் நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணிகள் பதித்த ஆசனம் ஒன்றுக்காகப் போருக்கு எழுந்தனர் என மகாவம்சம் கூறுகிறது. இவர்கள் அந்நியர் அல்லர். தாய்மாமனும் மருமகனும் ஆவர். சூளோதரனின் தாய்க்கு அவளுடைய தந்தை கொடுத்த ஆசனமே, கொடுத்தவர் மறைந்தபின் வழக்குப் பொருளாயிற்று. முதுசம் (மூதாதையர் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டியது) எனச் சொத்தை வகைப்படுத்தும் தேசவழமை, அதாவது ஒல்லாந்தர் 1707இல் தொகுத்துச் சட்டமாக்கிய யாழ்ப்பாண வழக்காறு, நிலவும் மண்ணில் இப்பிணக்கின் தன்மையை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்குக் கொடுத்த பொருள் யாரைச் சேரும் என்ற கேள்வி இன்றும் உடன்பிறந்தாரைப் பேச்சுவார்த்தையற்றவர்களாக்க வல்லது.

இதே நிகழ்ச்சியை மணிமேகலைக் காப்பியம் மணிபல்லவத் தீவில் வைத்துச் சொல்கிறது. அத்தீவு நயினாதீவே என்பது அறிஞர் சிலரின் கருத்து. இரு நூல்களும் முடிவில் வேறுபடுவது கவனிக்கத்தக்கது. பாலி நூலான மகாவம்சத்தில் புத்தரின் அறவுரை கேட்டு மனம் மாறிய அரசர்கள் ஆசனத்தைத் தாமே புத்தருக்கு அளிக்கின்றனர். தமிழ்க் காப்பியத்திலோ, ஆசனமாகிய பீடிகையைப் பெயர்த்தெடுக்க இயலாமலும் ஆசையை விட மனமில்லாமலும் பொருத அரசர்முன் முனிவராகிய புத்தர் தோன்றி, அது தமக்குரியது எனக் கூறி, அதன்மேல் அமர்ந்து அறம் உரைக்கிறார். எவ்வாறாயினும், பொருள் இருவர் கையையும் விட்டு நீங்குவதால் தோற்றவர் என்று எவரும் இல்லை.

தீவிலுள்ள நாகபூசணி அம்மன் கோயிலின் தலக்கதை வேறு வகைத் தீர்வைக் காட்டுகிறது. அம்மனை வழிபடப் பூவை வாயிற் கவ்விக் கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் வழிமறிக்க, நாகம் கடலிலிருந்த பாறையைச் சுற்றிக்கொண்டது; கருடன் எதிரே இன்னொரு பாறையில் காத்திருந்தது. அவ்வழியே கப்பலில் வந்த சோழநாட்டு வணிகர், மரபு மாநாய்க்கன் எனக் குறிப்பிடுபவர், நாகத்துக்காகப் பரிந்து பேசினார். கருடன் இணங்கியது, ஆனால் அவர் அம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இங்கே சமாதானத்தின் செலவை ஏற்பவர் பிணக்கில் பங்கில்லாத நடுவரே என்பது இக்கதையின் தனிச்சிறப்பு. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு பாறைகள் இன்றும் காட்டப்படுகின்றன.

இக்கோயிலில் உள்ள, இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு, பிணக்கு எழுமுன்னரே அதற்கு வரம்பு கட்டுகிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பளிக்கும் அச்சாசனம், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும், அதாவது அரச கருவூலத்துக்கும், முக்காற்பங்கு உடையவருக்கும் உரியன என்றும், பிற வணிகச் சரக்கேற்றிய கலமாயின் இருவருக்கும் சரிபாதி என்றும் விதிக்கிறது. உடைந்த கலத்தின் பொருளுக்காகக் கரையில் நிகழக்கூடிய சச்சரவுக்கு இதைவிடத் தெளிவான முன்னேற்பாடு அரிது.

பிற்காலத்தில் மணியாசனக் கதை, தீவு யாருக்கு முதலில் உரியது என்னும் இன வாதத்துக்குச் சான்றாக இழுக்கப்பட்டது. உரிமைப் போரை நிறுத்திய கதையை உரிமைப் பத்திரமாக்குவது அக்கதைக்கே செய்யும் அநீதியாகும். அம்மன் கோயிலுக்கும் தீவிலுள்ள பௌத்த நாகவிகாரைக்கும் செல்லும் அடியார்கள் இன்றும் ஒரே துறையில் காத்திருந்து படகேறுகின்றனர்.

மூன்றாமவரை நாடும் வழக்கம் இன்று சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் அமைந்த மத்தியஸ்த சபைகளில், பிணங்கிய இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் சேர்ந்து தலைவராக மூன்றாமவரைத் தெரிவர். தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இணக்கம் ஏற்படாவிடின் அதை உறுதிப்படுத்திச் சான்றிதழ் வழங்குவர், அதனைக் கொண்டு தரப்பினர் நீதிமன்றம் செல்லலாம்.