சிகிச்சை முடிந்த பிறகு: மூளைக்காயமுற்றோர்க்குச் சமூக ஆதரவு வளர்ந்த வரலாறு

முதல் உலக யுத்தத்தில் தலையில் குண்டு பாய்ந்தும் உயிர்தப்பிய ஜெர்மானியச் சிப்பாய்களுக்காகப் பிராங்க்பர்ட் நகரில் நரம்பியல் அறிஞர் குர்ட் கோல்ட்ஸ்டைன் நடத்திய ஸ்தாபனமே, மூளைக்காயமுற்றோர்க்கான சமூக ஆதரவு என்று இன்று நாம் வழங்கும் முயற்சிக்கு வேர் என்பது என் அபிப்பிராயம். வைத்தியசாலையும் உளநூல் ஆய்வுக்கூடமும் மட்டுமன்றிப் பள்ளிக்கூடமும் தொழிற்பட்டறையும் அதன் அங்கங்களாக இருந்தமையால், ஒருவன் சோதனைத் தாளில் எழுதுவதை மட்டும் நம்பாமல், அவன் கருவியைக் கையிலெடுத்து உழைக்கும்போது எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதையும் அவரால் கவனிக்க முடிந்தது.

அவ்வாறு கவனித்ததில் அவர் கண்ட உண்மை நுட்பமானது. தன் சக்திக்கு மீறிய காரியம் ஒன்றை எதிர்ப்படும்போது, நோயாளி அதில் தோற்பதோடு நில்லாமல், நிதானம் முழுவதும் குலைந்து, பதற்றமும் கோபமும் மேலிட, சற்று முன்பு எளிதாகச் செய்த வேலையையும் செய்யமாட்டாதவனாகி விடுகிறான். அந்த நிலைக்கு அஞ்சியே அவன் அலமாரியிலுள்ள பொருள்களை இம்மியும் பிசகாமல் அடுக்கிவைத்துக்கொண்டு, பழகிய வட்டத்துக்குள்ளேயே ஒதுங்கி வாழ்கிறான். (வீட்டார் இதைப் பிடிவாதம் என்று வைவதுண்டு.) யூதராகிய கோல்ட்ஸ்டைன் 1933இல் நாஜிகளால் சிறையிடப்பட்டுப் பின் நாட்டை விட்டே நீங்கினார்.

இரண்டாம் யுத்தத்தின்போது ஊரல் மலைப்பகுதியில் ரஷ்ய உளநூல் அறிஞர் லூரியாவும், எடின்பரோவில் ஆங்கில உளநூல் அறிஞர் ஆலிவர் ஸாங்வில்லும் இதே வழியில் பணிபுரிந்தனர். ஆயினும் இவையெல்லாம் படைவீரர்க்காக எழுந்தவை.

பின்னர் யுத்தகளத்தின் இடத்தை நெடுஞ்சாலை பிடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் வண்டியும் தீவிர சிகிச்சையும் விருத்தியடைந்து, 1970களில் ஸி.டி. ஸ்கேன் கருவியும் வந்து சேர்ந்ததன் பயனாக, மோட்டார் விபத்தில் முன்பு இறந்திருக்கக்கூடிய இளைஞர் பலர் பிழைத்து வீடு திரும்பினர். ஆனால் ஞாபகம் தவறியும் சுபாவம் மாறியும் வந்த பிள்ளையைப் பகலெல்லாம் எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு விடை சொல்வார் இல்லை. வைத்தியர் தம் கடமையை முடித்துவிட்டார். தாய்க்கோ அப்போதுதான் தொடங்கிற்று.

விடை அந்தக் குடும்பங்களிலிருந்தே பிறந்தது. இங்கிலாந்தில் 1979இல் 'ஹெட்வே' சங்கம் தோன்றிற்று. 1975இல் கார் விபத்தில் மகள் மூளைக்காயமுற, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மரிலின் பிரைஸ் ஸ்பிவாக் என்னும் தாயார் 1980இல் தேசியத் தலைக்காய ஸ்தாபனத்தைத் தொடங்குவதில் முன்னின்றார். அறிஞர்களும் வாளாவிருக்கவில்லை: இஸ்ரேலில் 1973ஆம் ஆண்டு யுத்தத்தில் காயமுற்றோரிடையே பணியாற்றிய யெஹுதா பென்-யிஷாய், 1978இல் நியூயார்க்கில் தொடங்கிய பகல்நேரத் திட்டத்தில், பயில்வோர் தினந்தோறும் குழுவாகக் கூடித் தத்தம் குறைகளை அறிந்து ஏற்கவும், குடும்பத்தார் உடனிருக்கவும் வகை செய்தார்.

இவற்றினும் எளியதாய், என் மதிப்பில் இவற்றினும் மேலானதாய் நிற்பது, மனநோயுற்றோர்க்காக 1948இல் நியூயார்க்கில் தோன்றிய 'பவுண்டன் ஹவுஸ்' என்னும் இல்லத்தைப் பின்பற்றி, மூளைக்காயமுற்றோர்க்கென அமைந்த இல்லங்களின் முறை. அங்கே வருவோர் நோயாளிகள் அல்லர், அங்கத்தினர். சமையலும் கணக்கும் துப்புரவும் ஊழியரோடு சேர்ந்து அவர்கள் செய்யும் வேலையே. கோல்ட்ஸ்டைனின் பட்டறை அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து வேற்றுருவில் மீண்டது என்று கூறலாம்.

அமெரிக்க அரசாங்கம் மூளைக்காயம் பற்றித் தனிச் சட்டம் இயற்றியது 1996இல். ஸ்பிவாக் முன்னின்று தொடங்கிய ஸ்தாபனத்துக்கு அப்போது வயது பதினாறு.