500 ரூபாயில் தகடூர்

பெங்களூர்ல பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துக்கு தருமபுரின்னா ஒகேனக்கல் போற வழி, அவ்ளோதான். வரலாறு பார்க்கணும்னா ஹம்பி, மைசூர்னு கிளம்பி லீவையும் காசையும் கரைப்போம். ஒரு சனிக்கிழமை தருமபுரியில இறங்கிப் பாருங்க மக்களே. ரயில், டவுன் பஸ், மதிய சாப்பாடு எல்லாம் சேர்த்தும் எனக்கு 500 ரூபாயைத் தாண்டல.

தருமபுரியோட பழைய பேர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியோட தலைநகர். ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி கதை எல்லாருக்கும் தெரியும். இன்னொரு விஷயம் அந்த அளவுக்குத் தெரியாது. அசோகரோட பாறைக் கல்வெட்டுல சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோட 'சத்தியபுத்திரர்'னு ஒரு பேர் வருது. அவங்க யாருன்னு அறிஞர்கள் ரொம்ப காலம் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைச்சுது. துறவிகள் தங்குற குகையைக் கொடுத்தவன் சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சின்னு அதுல இருந்துச்சு. ஒரே வரியில விடை!

இவ்ளோ பெரிய ஆளோட அரண்மனை எங்கேன்னு தேடினா, ஒண்ணும் கிடைக்காது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழிச்சான். அந்தப் போரைப் பாடின 'தகடூர் யாத்திரை' நூலே முழுசா நம்ம கைக்கு வரல.

சரி, பார்க்க என்னதான் இருக்கு?

ஊருக்குள்ளேயே கோட்டைக் கோயில். மல்லிகார்ஜுனேஸ்வரர், காமாட்சியம்மன் சன்னதிகள். நுளம்பர் காலக் கலை. தரையில முழுசா ஊன்றாத தொங்கும் தூணைக் கட்டாயம் பாருங்க.

அப்புறம் சேலம் ரோட்டுல டவுன் பஸ் பிடிச்சா அதியமான்கோட்டை. கூட்டமெல்லாம் காலபைரவர் கோயில்ல நிக்கும். நீங்க அப்படியே சென்றாயப் பெருமாள் கோயிலுக்கு நடையைக் கட்டுங்க. மண்டபத்து விதானத்துல ராமாயண, பாரத ஓவியங்கள். கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்க்கலாம்.

கடைசியா, தருமபுரியில தொல்லியல் துறையோட அகழ்வைப்பகம். இதுக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கணும். உள்ளே நடுகற்கள். மாட்டுக்கூட்டத்தை ஓட்டிட்டுப் போனவங்களை எதிர்த்து நின்னு செத்த சாதாரண ஆளுங்களுக்கு ஊர்க்காரங்க நட்ட கல். சிலதுல எந்த ராஜாவோட எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, செத்தவன் பேர் என்னன்னு வட்டெழுத்துல வெட்டியிருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. அதியமானுக்கும் நடுகல் நட்டு, மயில்பீலி சூட்டி, கள் படைச்சதை ஔவை அழுதுக்கிட்டே பாடின பாட்டு புறநானூற்றுல இருக்கு. பாட்டு நிக்குது, அந்தக் கல் எங்கேன்னு காட்ட ஆளில்லை. ஆனா மாடு மீட்கப் போய்ச் செத்த யாரோ ஒருத்தனோட கல் பேரோட நம்ம முன்னாடி நிக்குது. கோட்டை கட்டினவனை விட, ஊர் ஞாபகம் வெச்சுக்கிட்டவன் நிலைச்சிட்டான்.

இந்த மாவட்டத்துலயும் பக்கத்துக் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையிலயும் இன்னும் நிறைய நடுகல் வயக்காட்டுல, ஏரிக்கரையில, வெயில்லயும் மழையிலயும் கிடக்குது. 'வேடியப்பன்'னு சாமியா கும்பிடுற இடத்துல கல் பிழைச்சுக்குது. மத்த இடத்துல ரோடு போடும்போது ஒரு பொக்லைன் போதும், ஆயிரம் வருஷம் காலி.

அதனால உங்க ஊர்ப் பக்கம் அப்படி ஒரு கல் இருந்தா, சுண்ணாம்பு, மாவுன்னு எதையும் பூசாம ஒரு போட்டோ எடுங்க, தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்க. அதுக்கு 500 ரூபாய் கூட ஆகாது.

டிஸ்கி: அகழ்வைப்பகத்துக்கு வார விடுமுறை உண்டு. என்னிக்குன்னு விசாரிச்சுட்டுக் கிளம்புங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க :)