டின் டிக்கெட்டும் பொருந்தாத வரிகளும்

ஒரு தரவு மென்பொருளில் ஒரு பட்டியலை ஏற்றி 'புரொஃபைலிங்' போட்டுப் பார்த்தால், முதலில் சில எளிய கணக்குகள்தான் வரும். எத்தனை கட்டம் வெறுமையா கிடக்கு, எது திரும்பத் திரும்ப வருது, எது ஒவ்வொரு வரிக்கும் தனியானது. அடுத்தது அட்டவணை உறவு: இந்தப் பட்டியலில் இருக்கிற ஆள் மற்றப் பட்டியலிலும் இருக்கிறாரா? இல்லையென்றால் அந்த வரி 'பொருந்தவில்லை' என்று தனியாக நிற்கும்.

மலையக வரலாற்றில் பாதி இந்தப் பொருந்தாத வரிகளுக்குள்தான் கிடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதுதான் டின் டிக்கெட். தோட்டத்தின் பதிவு எண்ணும் ஒரு வரிசை எண்ணும் அதில் இருந்தன. பயணச் செலவை எந்தத் தோட்டத்திடம் அறவிடுவது என்று கண்டுபிடிக்க இந்த இரண்டு எண்ணும் போதும். இன்றைய மொழியில் அது ஒரு 'கீ'. தோட்டத்துக்கு வந்ததும் செக்ரோல். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், அரைநாளுக்கு அரைப்பேர். கூலிக் கணக்குக்காக எழுதின பதிவுகள் இவை. ஆளுடைய வரலாற்றைச் சொல்றதுக்கு யாரும் எழுதவில்லை.

ஆனா 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அந்த வரலாற்றையே நிரூபிக்கச் சொன்னார்கள். 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டப்படி, 1946க்கு முன்பு மணமானவர்கள் 7 வருடமும் மற்றவர்கள் 10 வருடமும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். சுமார் 8 இலட்சம் பேருக்காக மனுக்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். பதிவுகள் பொருந்தவில்லை என்பது, ஆள் இங்கே வாழவில்லை என்பதற்குச் சமமாக்கப்பட்டது. நாடற்றவர்களைப் பங்கிட 1964இலும் 1974இலும் இரண்டு ஒப்பந்தங்கள் வந்தன. 2003 ஆம் ஆண்டுச் சட்டம்தான் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி திறந்தது.

இன்னொரு அட்டவணையையும் பாருங்க. 1911 குடிசன மதிப்பீட்டில்தான் 'இந்தியத் தமிழர்' என்று தனிப் பிரிவு வந்தது. அந்த நிரலில் 1971இல் சுமார் 11 இலட்சத்து 74 ஆயிரம் பேர். 1981இல் சுமார் 8 இலட்சத்து 18 ஆயிரம். இதை மட்டும் புரொஃபைல் பண்ணினா பெரிய சரிவுதான் தெரியும். ஏன் என்று அது சொல்லாது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கணக்கை அதோடு இணைக்க வேண்டும். படிவத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று தங்களைப் பதிந்துகொண்டவர்களும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிரல் மாறியது, ஆள் மாறவில்லை.

அதனால்தான் கலைப்பீட மாணவர்களான நாங்களும் இந்த மென்பொருள் வேலையைக் கற்கணும் என்கிறோம். 'பொருந்தவில்லை' என்ற முடிவு திரையில் வந்தால், அந்த வரியை அழிக்கிறதுக்கு முன்னால் பட்டியலை யார், எதற்காக எழுதினார்கள் என்று கேட்கணும்.

உங்க வீட்டிலேயே தொடங்கலாம். அம்மாச்சியின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைங்க. மூன்றிலும் பேர் ஒரே மாதிரி இருக்கா? இல்லைன்னா, ஏன் இல்லைன்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதி வைங்க. அந்தக் காரணத்துக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.